முறிந்த எலும்பு சீக்கிரம் கூடுவதற்கு அல்ட்ராசவுண்ட் மெஷின்: எடுக்கலாமா?

தோழியின் அம்மா வழுக்கி விழும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. நீ வாடகைக்கு எடுத்த அல்ட்ராசவுண்ட் மெஷினை நாங்களும் எடுக்கலாமா என்று கேட்கிறாள். எனக்கும் அதே எலும்பு, அதே மாவுக்கட்டு. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

மெஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தினமும் 20 நிமிடம், வலி இல்லை, சூடு இல்லை, சத்தமும் காதுக்குக் கேட்காது. பிசியோதெரபியில் அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேய்ப்பார்களே, அது வேறு. இது சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட்தான், ரொம்ப மெல்லிய துடிப்பு. எலும்பு செல்களை லேசாகத் தூண்டிவிடும் என்பது கணக்கு.

என்னைப் படுத்தி எடுத்தது மாவுக்கட்டில் வெட்டிய ஜன்னல். இந்த ஒலி மாவுக்கட்டைத் தாண்டிப் போகாது, அதனால் முறிவுக்கு நேர் மேலே கட்டை வெட்டித் திறந்து ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்துகிறார்கள். தினமும் அதிலிருக்கும் பஞ்சு மூடியை எடுத்து, ஸ்கேன் சென்டரில் வயிற்றில் தடவுகிற அதே மாதிரி ஜெல்லை வைத்து, மெஷின் தலையை உள்ளே உட்கார வைத்துப் பெல்ட்டை இழுத்துக் கட்ட வேண்டும், எல்லாம் ஒற்றைக் கையால். ஜெல் குறைந்தால் பீப் பீப் என்று கத்தும், கூடினால் கட்டின் விளிம்புக்குள் இறங்கி வியர்வையோடு கலந்து ராத்திரி முழுக்க அரிக்கும், சொறியவும் வழி கிடையாது. முடிந்ததும் துடைத்துவிட்டு மூடியைத் திரும்ப அழுத்தி வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டை வழியாகத் தோல் உப்பிக்கொண்டு வந்துவிடும். வாடகைக்குக் கொடுத்தவர் இதில் ஒன்றைக்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: 38 சதவீதம் சீக்கிரம் கூடும். அந்த எண் பொய் இல்லை. 1994-இல் வந்த ஆய்வில் கால் எலும்பு 154 நாளுக்குப் பதில் 96 நாளில் கூடியது, 1997-இல் இதே மணிக்கட்டு முறிவு 98 நாளுக்குப் பதில் 61 நாளில். ஆனால் 2016-இல் டிரஸ்ட் என்ற பெரிய ஆய்வு வந்தது. கால் எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்த 501 பேர், ஒரு பகுதியினருக்கு நிஜ மெஷின், மற்றவர்களுக்குப் போலி. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியதிலும் சரி, பழையபடி நடமாடியதிலும் சரி, வித்தியாசம் இல்லை. அடுத்த வருஷமே பிஎம்ஜே என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு இந்த மெஷினைப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அவர்கள் கம்பி வைத்தவர்கள், நான் வெறும் மாவுக்கட்டு, அது உண்மைதான். ஆனால் பழைய எண்ணை மட்டும் காட்டி, வலியில் இருக்கிறவர்களிடம் காசு வாங்குவது நியாயமே இல்லை.

என் எலும்பு நன்றாகவே கூடியது. மெஷினால்தானா என்று கேட்டால், மணிக்கட்டு முறிவு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும் என்றுதான் சொல்வேன். மாதக்கணக்காகியும் கூடாத எலும்பென்றால் கதை வேறு, அதை டாக்டரிடம் பேசுங்கள். எந்தச் சிகிச்சையைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அந்த மாதிரி கேஸுக்கு 2013-இல் ஆதரவாகவே சொன்னது.

அதனால் தோழிக்கு என் பதில்: வேண்டாம், அந்தக் காசைக் கட்டுப் பிரித்தபின் விரல், மணிக்கட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொள். இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன், நாளைக்கே எனக்கு இன்னொரு கை முறிந்தால் நான் மறுபடி எடுப்பேன். கட்டோடு சும்மா உட்கார்ந்திருந்த அந்த வாரங்களில் என் கைக்காக நானே செய்ய முடிந்த ஒரே வேலை அதுதான். என்ன, அடுத்த தடவை ஜன்னல் வெட்டுவதற்கு முன்னாலேயே வளையத்தையும் மூடியையும் எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பேன்.