நேட்டால் முன்னோரைத் தேடும்போது எந்த இணையச் சான்றை நம்பலாம்?

சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டால் காலனியின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் பூர்வீக ஊரைத் தேடி இணையத்துக்கு வந்தால் மூன்று விதமான சான்றுகள் கிடைக்கும்: வம்சாவளி மரங்கள், தட்டச்சு செய்த கப்பல் பட்டியல்கள், வந்தவர்களை அப்போதே கையால் எழுதிவைத்த மூலப் பதிவேட்டின் படங்கள்.

மரங்கள்தான் முதலில் கண்ணில் படும். ஜெனி, ஃபேமிலிசர்ச் போன்ற தளங்களில் உறவினர்கள் சேர்ந்தே மரத்தை வளர்க்கிறார்கள். தொலைந்த பங்காளிகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஐந்து மரங்களில் ஒரே ஊர் இருந்தால் அது ஐந்து சாட்சி ஆகிவிடாது. பெரும்பாலும் ஒருவர் எழுதியதை நான்கு பேர் எடுத்துப் போட்டிருப்பார்கள். ஆதாரம் காட்டாத மரத்தை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தட்டச்சுப் பட்டியல் இதைவிட எவ்வளவோ மேல். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பல் எல்லாம் அதில் உண்டு. சிக்கல் ஊர்ப் பெயரில்தான். காதில் விழுந்தபடி குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியதை, நூறு வருஷம் கழித்து இன்னொருவர் படித்துத் தட்டச்சு செய்திருக்கிறார். இரண்டு இடத்திலும் பிழை நுழையும். முனுசாமிகளும் ஏராளம். அதனால் பெயரை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசு தனியாகத் தந்த காலனி எண்ணைப் பிடியுங்கள். பிற்காலத் திருமண, இறப்பு ஆவணங்களிலும் அந்த எண் வருவதுண்டு.

மூலப் பதிவேட்டின் படம் கிடைத்தால் என் ஓட்டு அதற்கே. அப்போதும் எல்லாக் கட்டமும் சமம் இல்லை. கப்பலும் வந்த தேதியும் உறுதியானவை. வயது பல நேரம் உத்தேசம்தான்.

அப்புறம், மேற்கோள். வெறும் இணைப்பை மட்டும் ஒட்டிவைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். தளம் மூடினால் சான்றும் போய்விடும். காலனி எண், கப்பல், வந்த தேதி, மூலம் இருக்கும் ஆவணக் காப்பகம், பார்த்த தளம், பார்த்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். தளம் போனாலும் எண்ணை வைத்துக் காப்பகத்தில் தேடலாம். தட்டச்சுப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் பட்டியல் என்றே குறியுங்கள், பதிவேடு என்று எழுத வேண்டாம். அப்படி எழுதினால், அடுத்துத் தேடுபவர் மூலத்தை யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று நம்பி அங்கேயே நின்றுவிடுவார்.