ரோட்டுக்கும் மண் பாதைக்கும் ஒரே சைக்கிள்: கியரைக் கழற்றுவதா, சஸ்பென்ஷனைக் கழற்றுவதா?

எடை குறைந்த, எளிமையான சைக்கிள் கட்டப்போகிறேன் என்று சொன்னாலே, கியரைத் தூக்கிப் போட்டுவிட்டு சிங்கிள் ஸ்பீடு (ஒரே கியர்) பண்ணு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் போக வேண்டியது முன்பக்க சஸ்பென்ஷன்தான்.

விலை குறைந்த சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) சுமார் இரண்டரை கிலோ வரும். அதே இடத்தில் அமுங்காத குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் ஃபோர்க் போட்டால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், கார்பன் என்றால் அரைக் கிலோ சொச்சம். எடை குறைவது மட்டுமில்லை, ரோட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது முன்பக்கம் அமுங்கி அமுங்கி நம் பலத்தைத் தின்பதும் நின்றுவிடும். கியர் மொத்தத்தையும் கழற்றினால் மிச்சமாவது முக்கால் கிலோ அளவுதான்.

அந்த முக்கால் கிலோவுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். முன் பல்சக்கரத்தில் 38 பல், பின்னதில் 18 பல், 40 மி.மீ. அகல டயர் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 4.6 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 25 கி.மீ. சமதளத்தில் அருமை. சரளை மேட்டில்தான் சிக்கல்: உட்கார்ந்து மிதிக்க முட்டி இடம் தராது, எழுந்து நின்றால் பின் சக்கரம் பிடிப்பு விட்டு வழுக்கும். முன்னால் ஒரே செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) 40 பல், பின்னால் 11-42 கேசட் (11 பல்லிலிருந்து 42 பல் வரையுள்ள பல்சக்கர அடுக்கு) என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை கிடைக்கிறது. 2012இல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 கியர் செட் வந்ததிலிருந்து, தடிமனும் ஒல்லியுமாக மாறி மாறிப் பல் வைத்த செயின்ரிங் பரவிவிட்டது. முன் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) இல்லாமலே செயின் கழலாமல் நிற்கிறது.

மேடே இல்லாத ஊர், சேறு அதிகம் என்றால் சரி, சிங்கிள் ஸ்பீடே போடுங்கள். ஆனால் பின் அச்சு உட்காரும் பிளவைப் பாருங்கள். கிடையாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்தே செயினை இறுக்கலாம், செங்குத்தாக இருந்தால் செயினை இறுக்கத் தனியாக டென்ஷனர் என்ற கருவி வேண்டும்.

அடுத்தது ஃபிரேம். பழைய 26 இஞ்சு ஸ்டீல் எம்டிபி (மவுண்டன் பைக்) ஃபிரேம் மலிவு, உறுதி, அகல டயரும் போகும். ஆனால் அதில் இருப்பது வி-பிரேக், அது ரிம்மைப் பிடிப்பது, அதனால் வேறு அளவு சக்கரம் மாட்ட வழியில்லை, சேற்றில் ரிம்மும் தேயும். டிஸ்க் பிரேக் உள்ள கிராவல் (ரோடு, சரளை இரண்டுக்குமான) ஃபிரேமுக்கு அந்தக் கட்டு கிடையாது. ரோட்டுக்கு 700x28 (700 அளவு சக்கரத்தில் 28 மி.மீ. டயர்), மண்ணுக்கு அதைவிடச் சிறிய 650பி சக்கரத்தில் 47 மி.மீ. டயர் என்று இரண்டு ஜோடி சக்கரம் வைத்துக்கொள்ளலாம், இரண்டின் வெளிவிட்டமும் 678 மி.மீ.தான் என்பதால் ஓட்டும் தன்மை பெரிதாக மாறாது. கையில் காசு இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். வாங்கும் முன் டயருக்கு இரு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.