என் வேனில் இருக்கும் 8×42 பைனாகுலர்: ஏழு வருஷ அனுபவம்

2018-இல் வாங்கினேன். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வேன் ஏசியைப் பழுதுபார்க்க எடுத்து வைத்திருந்த பணம் அது. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

நான் திருநெல்வேலியில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். கல்யாணம், மொட்டை, திருச்செந்தூர், சாரல் வந்தால் குற்றாலம். பதினோரு வருஷம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஆட்களைக் கொண்டு போய் இறக்கியிருக்கிறேன். ஒருநாள்கூடக் குளத்தை நின்று பார்த்ததில்லை. வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவேன். வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் நீர்க்காகம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

2017 ஜனவரியில் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சர் கண்ணாடியைத் தட்டி எழுப்பினார்கள். "அண்ணாச்சி, இவ்வளவு தூரம் வந்துட்டுத் தூங்குதியளே. ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் படுங்க." பறவை பார்க்கிற கோபுரத்தில் ஏறி அவர்களுடைய பைனாகுலரில் பார்த்தேன். வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்பக்கம் மையால் இழுத்த மாதிரி இரண்டு கறுப்புக் கோடு. ஒன்று தண்ணீரைக் குடித்துத் தலையை நிமிர்த்தியபோது அலகிலிருந்து சொட்டு விழுந்தது எனக்குத் தெரிந்தது. இமயமலையைத் தாண்டி வருகிறது, 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார்கள். அதுவரை நான் ஓட்டின தூரத்தையெல்லாம் மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினேன். அன்றைக்கு அப்புறம் தூங்கவில்லை.

அடுத்த வாரமே 900 ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஏமாந்தேன். மேலே 50×50 என்று போட்டிருந்தது. ஒரு பறவை இரண்டாகத் தெரியும், பத்து நிமிஷத்தில் தலைவலி வந்துவிடும். இதை எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான்: பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். முதல் எண் எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. அத்தனை மி.மீ. அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேரும். 10×42 என்றால் 4.2-தான். உச்சி வெயிலில் வித்தியாசம் தெரியாது. கூழைக்கடா கூட்டைவிட்டு எழும்பும் காலை ஆறு மணிக்கு நன்றாகத் தெரியும். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அதே அளவுக்குக் கூடும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். பறக்கிற பறவையைப் பிடிக்க எட்டு மடங்குதான் என் கைக்குச் சரி.

கிட்டத்தில் எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரியும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் மூன்று மீட்டர். கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரை ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும். தலைக்கு மேலே குஞ்சு கத்திக்கொண்டிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஒரு பாட்டி எனக்குச் சொன்னார்கள். நான் பேர்களைக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்தத் தெருவில்தான். கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை என்று டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி, ராத்திரி நோட்டில் ஏற்றுவேன். இப்போது நான்காவது நோட்டு. தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011-லிருந்து நடக்கிறது. அதில் தன்னார்வலராக ஒரு குளத்துக் கரையில் நின்று முதல்முறை எண்ணின அன்று, நான் டிரைவராக வரவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பைனாகுலரின் தாங்கும் சக்தி பற்றி. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. சிந்துபூந்துறையில் என் வேனுக்குள் சீட் உயரத்துக்குத் தண்ணீர். பைனாகுலர் டிரைவர் கதவுப் பையில் ராத்திரி முழுக்க முங்கிக் கிடந்தது. மறுநாள் சேற்றோடு எடுத்து, குடிதண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. நைட்ரஜன் அடைத்து சீல் வைத்தது என்று அட்டையில் போட்டிருந்ததை அன்றைக்குத்தான் நம்பினேன். எல்லாருக்கும் இப்படித் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாட்டர்ப்ரூஃப் இல்லாததை நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகைக்கு வாங்க வேண்டாம். ஈரம் ஏறினால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

குறைகளும் உண்டு. கூடவே வந்த வார் கழுத்தை அறுக்கும். முதுகில் குறுக்காகப் போடுகிற பட்டைக்கு மாறிவிட்டேன். முன்பக்க மூடி இரண்டும் முதல் வருஷமே கழன்று விழுந்து, விஜயநாராயணம் குளத்தோடு போயின. கண்ணில் வைக்கிற ரப்பர் தளர்ந்துவிட்டது.

வருமானம் எப்படி என்று மற்ற டிரைவர்கள் கேட்கிறார்கள். டிசம்பரிலிருந்து ஜூன் வரை வாரத்துக்கு இரண்டு, மூன்று பறவை டிரிப் கிடைக்கிறது. விடிவதற்கு முன் கிளம்பி கூந்தன்குளம், வரும் வழியில் ஒன்றிரண்டு குளம். இல்லையென்றால் மேற்கே திருப்புடைமருதூர். வண்டி வாடகையோடு காட்டிக் கொடுப்பதற்கும் தனியாக வாங்குகிறேன். மணிமுத்தாறு தண்ணீர் கூந்தன்குளத்துக்கு வந்து சேராவிட்டால் பறவையும் குறைந்துவிடும். அந்த வருஷம் கல்யாண டிரிப்தான் சோறு போடும். மற்ற மாதங்களில் இன்றைக்கும் மொட்டைக்குப் போகிறேன். ஆனால் வண்டியை நிறுத்தியதும் படுப்பதில்லை. திருச்செந்தூர் ரோட்டோரக் குளங்களிலும் உள்ளான் பறவை இறங்குகிறது.

எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. இந்த விலையில் நான்கைந்து கம்பெனி ஏறக்குறைய ஒரே தரத்தில் தருகிறார்கள். கடையில் வாசலுக்கு வெளியே கொண்டு போய்ப் பார்த்து வாங்குங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பாருங்கள். நானும் இப்போது கண்ணாடிக்காரன், எனக்குத் தெரிகிறது.

கடைசியாக ஒரு விஷயம். நிறையப் பேர், தெளிவாக இல்லை என்று திருப்பிக் கொடுப்பதற்குக் காரணம் வலது கண் பக்கம் இருக்கிற சின்ன வளையம். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தை அவசரமில்லாமல் மெல்லத் திருப்பி, தூரத்துப் பனை ஓலையை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி அதே ஓலையைத் தெளிவாக்குங்கள். ஒருமுறை செய்தால் போதும். அதற்குப் பிறகு நடுச் சக்கரம் மட்டுமே. என் கண்ணுக்கான இடத்தை மறக்காமல் இருக்க, வீட்டுக்காரி அந்த வளையத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள். என் வேனில் வருகிறவர்கள் தாராளமாக வாங்கிப் பாருங்கள். கொடுக்கும்போது வளையத்தைப் பொட்டு இருக்கிற இடத்துக்குத் திருப்பி வைத்துக் கொடுங்கள்.