உப்புவெளி மணலில் தாக்குப்பிடித்த டான்ஸ் ட்ராக்குகள்: சில சீசன் பாவனைக்குப் பிறகு

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பார்ட்டிகளில் பாவித்த ஈ.டி.எம் (மின்னணு நடன இசை) சேகரிப்பில், இன்றும் பென் டிரைவில் மிஞ்சியிருப்பவை பெரிய டிராப் (இசை ஏறி வந்து கிக் டிரம்மும் பேஸும் ஒன்றாக வெடிக்கும் இடம்) உள்ள ட்ராக்குகள் அல்ல, பேஸ் (கீழ்ச்சுர ஒலி) துப்புரவாக உள்ளவை. ஹெட்போனில் உடம்பைச் சிலிர்க்க வைத்த பல ட்ராக்குகள் மணலில் சப்பென்று போயின.

காரணம் எளியது. கல்யாண ஹோலில் சுவரும் கூரையும் பேஸைத் திருப்பித் தரும். கடற்கரையில் போனது போனதுதான். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் இறங்கும். அதோடு வாடகைக்கு வருவது பெரும்பாலும் 15 அங்குல ஒலிபெருக்கிப் பெட்டி இரண்டு, சப் (ஆழ்ந்த பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி) கிடையாது. 45 ஹேர்ட்ஸுக்குக் கீழே அவற்றிலிருந்து உருப்படியாக எதுவும் வராது. இங்கேதான் ட்ராக்கின் சுருதி கணக்கில் வருகிறது. பேஸின் அடிச்சுரம் ஏ என்றால் 55 ஹேர்ட்ஸ், ஜி என்றால் 49. இரண்டும் கேட்கும். எஃப் 44க்குக் கிட்ட, அரைகுறை. டி 37, சி 33: ஆட்கள் வெறும் 'டிக் டிக்' சத்தத்துக்குத்தான் ஆடவேண்டும். சப் இல்லாத நாளுக்கென்று ஜி, ஏ சுருதி ட்ராக்குகளைத் தனி ஃபோல்டரில் வைத்தால் பாதித் தலையிடி தீரும். வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். முழுதாக 6 வீதம் கூட்டினாலும் சுருதி அரைச்சுரம்தான் ஏறும்.

வகைகளில் 122 முதல் 126 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) வரையான ஹவுஸ்தான் நீண்டநாள் உழைக்கிறது. 128இல் ஓடும் பிக் ரூம் முதல் மாதம் தூக்கும், மூன்றாம் மாதம் அலுக்கும். கிக்கே மெட்டாக இருக்கும் பாட்டில் பிறகு கேட்க என்ன இருக்கிறது? சைட்ரான்ஸ் எதிர்பாராத வெற்றி. இரண்டு கிக்குக்கு நடுவே மூன்று பேஸ் அடி விழும் அதன் ஓட்டம் தகரக்கூரை ஹோலில் எதிரொலித்துக் கஞ்சியாகிவிடும், திறந்த கடற்கரையில் ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்கும். 174இல் ஓடும் டிரம் அண்ட் பேஸ் ஒரு இரவுக்கு இரண்டு மூன்று போதும். அதை டிஜே மென்பொருள் சிலவேளை பாதியாக 87 என்று காட்டும், அதையும் பார்த்துத் திருத்தவேண்டும்.

அடுத்த சிக்கல் மோனோ. வாடகை செட்டில் இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்த்து விடுவது வழக்கம். ஸ்டீரியோவில் அகலமாக விரித்த லீட் சின்த்தில் (மெட்டை வாசிக்கும் சின்தசைசரில்) இரு பக்க அலைகளும் எதிரெதிராக இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். டிராப் வரும், கிக் அடிக்கும், மெட்டைக் காணவே காணோம். சோதிக்க ஃபோன் போதும்: செட்டிங்ஸில் மோனோ ஓடியோவைப் போட்டு ஒற்றைக் காதில் கேளுங்கள். மெட்டு மெலிந்தால் அந்த ட்ராக் வேண்டாம்.

ரேடியோ எடிட்டை (வானொலிக்குச் சுருக்கிய வடிவத்தை) வாங்கவே கூடாது. மூன்று நிமிடப் பாட்டில் அடுத்ததைக் கலக்க இடமில்லை. எக்ஸ்டெண்டட் மிக்ஸில் (நீட்டிய வடிவத்தில்) 16 அல்லது 32 பார் (நாலு அடி ஒரு பார்) முன்னோட்டம் இருக்கும். 128 வேகத்தில் 16 பார் என்பது சரியாக 30 செக்கன்.

இங்கே பைலா கேட்காத கூட்டம் இல்லை. 6/8 தாளத்தை 4/4 ஹவுஸோடு பீட்மேட்ச் பண்ணினால் (வேகத்தையும் அடியையும் ஒன்றாக்கினால்) கிக் கிக்கோடு பொருந்தும், ஆனால் ஓர் அடியை ஒன்று மூன்றாகவும் மற்றது நான்காகவும் உடைப்பதால் ஹை-ஹெட்கள் (டிரம் செட்டின் சிறு தாளத்தட்டுகள்) முட்டிக்கொள்ளும். வெளியே போகும் ட்ராக்கின் ஹை நொப்பை (மேல்சுரத் திருகியை) முழுதாக இறக்கி நாலு பார் மட்டும் கலந்து வெட்டுங்கள். இல்லையேல் எக்கோ விட்டு நிறுத்தி நேராகப் பைலாவைப் போடுங்கள். குத்துப் பாட்டுக்கும் இதே வைத்தியம்.

கோப்பு விஷயத்தில் சுருக்கமாக: பீட்போர்ட், பேண்ட்கேம்ப் என்ற இணையக் கடைகள் இரண்டிலும் வேவ் (ஒலியைச் சுருக்காத கோப்பு) கிடைக்கும். யாரோ தந்த '320' (கேபிபிஎஸ்) எம்பி3யை, ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் திறந்தால், 16 கிலோஹேர்ட்ஸில் சுவர் வைத்தாற்போல் வெட்டியிருந்தால் அது பெரும்பாலும் 128ஐ ஊதிப் பெருப்பித்தது. பென் டிரைவை ஃபேட்32ஆக ஃபோர்மட் பண்ணுங்கள், பழைய சிடிஜே (டிஜே பிளேயர்) எக்ஸ்ஃபேட்டை வாசிக்காது. ஃப்ளாக் கோப்பும் அப்படித்தான், சிடிஜே-2000 நெக்ஸஸ் 2க்கு முந்தியவை அதை எடுக்காமல் ஈ-8305 என்று பிழை காட்டும். ஒரே பிரதியோடு 2 பென் டிரைவ் வேண்டும்.

உப்புக்காற்று ஆர்சிஏ ஒலி வயரின் முனையைக் கறுக்க வைக்கும். முதலில் கரகரப்பு, பிறகு ஒரு பக்கம் செத்துவிடும். ஒவ்வொரு இரவும் துடைத்து, மாதம் ஒருமுறை கொன்டாக்ட் கிளீனர் அடியுங்கள். லெப்டொப் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் பழுது ட்ராக்கில் இல்லை, ஏர்த்தில். ஒலி வயரில் ஒரு கிரவுண்ட்-லூப் ஐசோலேட்டர் போதும். கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும் மாதங்களில் பெட்டிகளைத் தரைப்பக்கம் வைத்துக் கடலைப் பார்க்கத் திருப்புங்கள். எதிர்க்காற்றில் மேல்சுரங்கள்தான் முதலில் தொலையும்.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்குப் பிறகு பொதுவாகக் கிடைக்காது. மாலை 6.30க்குத் தொடங்கினால் மூன்றரை மணித்தியாலம், ஒன்றுக்கு மூன்றரை நிமிடம் வைத்தால் 60 ட்ராக். 9.30 ஆனதும் லோ நொப்பை இறக்குங்கள், ஊர்மனைக்குள் தூரம் போய் ஆட்களை எழுப்புவது பேஸ்தான். அந்தக் கடைசி அரைமணியில் கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பவை குரலும் பியானோவும் முன்னுக்கு நிற்கும் ஹவுஸ் ட்ராக்குகள். சேகரிப்பில் அப்படி எட்டு இருந்தால் போதும்.