பணம் கணக்கில் ஏறாமல் நெல்லை லாரியில் ஏற்றாதீர்கள்

சம்பா அறுவடை நெருங்குகிறது. ஆந்திரா பொன்னி என்ற சன்ன ரக நெல் போட்டிருக்கிற டெல்டா விவசாயிகள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். வயலுக்கே வந்து விலை பேசுகிற வெளியூர் வியாபாரியிடம் செக்கை வாங்கிக்கொண்டு நெல்லை அனுப்பிவிடாதீர்கள். அப்படி அனுப்பியதில் எனக்கு வர வேண்டிய 1,09,200 ரூபாய் இன்றுவரை வரவில்லை.

நடந்தது 2024 சம்பா அறுவடையில். மேட்டூர் அணையை 2023 அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உள்ளவர்கள்தான் ஓரளவு பயிரைக் கரையேற்றினோம். அப்படிக் காப்பாற்றிய நெல்லுக்கு நல்ல விலை வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? அந்த சீசனில் அரசுக் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,310 ரூபாய். அறுபது கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 1,386. உள்ளூர் தரகர் ஒருவர் கூட்டி வந்த வியாபாரி 1,600 தருவதாகச் சொன்னார். மூட்டைக்கு 214 ரூபாய் கூடுதல். அதோடு சிட்டா, அடங்கல் என்று நில, பயிர் ஆவணங்கள் காட்ட வேண்டாம், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள், கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு தார்ப்பாயோடு காவல் கிடக்க வேண்டாம். "அண்ணே, அறுவடை மெஷின் இறங்குற அன்னைக்கே லாரி வந்துடும், களத்துலேயே எடை" என்றார் தரகர்.

லாரி சொன்னபடி வந்தது. தராசும் அவர்களே கொண்டு வந்திருந்தார்கள், எலக்ட்ரானிக் தராசு. சாக்குக்கும் கழிவுக்கும் சேர்த்து மூட்டைக்கு 62 கிலோ பிடிப்போம் என்றார்கள். டெல்டாவில் அது வழக்கம்தான். 87 மூட்டை ஏறியது. கடைசியில் ஒரு மூட்டையை எடை போட்டுவிட்டு, சாக்கு கிழிந்திருக்கிறது என்று களத்திலேயே ஓரமாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் அதை உரக்கடைத் தராசில் வைத்தோம். முந்தின நாள் என் கண் முன்னால் 62 காட்டிய மூட்டை அங்கே 65.5 கிலோ நின்றது. கடைக்காரர் நம்பாமல் இறக்கிவிட்டு மறுபடி வைத்தார், அதே 65.5. மூட்டைக்கு மூன்றரைக் கிலோ என்றால் 87 மூட்டைக்கு 300 கிலோவுக்கு மேல். அதாவது ஐந்து மூட்டை நெல், 8,000 ரூபாய், எந்தக் கணக்கிலும் வராமல் லாரியில் போயிருக்கிறது.

எடையில் போனது அவ்வளவு. மொத்தத் தொகை 1,39,200-இல் 30,000-ஐக் கையில் கொடுத்தார்கள். மீதிக்கு இரண்டு வாரம் தள்ளித் தேதியிட்ட செக். அந்தத் தேதியில் வங்கியில் போட்டேன், கணக்கில் பணம் இல்லை என்று திரும்பி வந்தது. வியாபாரியின் போன் முதலில் எடுக்கப்பட்டது, அப்புறம் சுவிட்ச் ஆஃப். தரகர், "எனக்கும் கமிஷன் பாக்கிதாண்ணே" என்று கையை விரித்தார். காவல் நிலையத்தில், இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். நுகர்வோர் நீதிமன்றமும் நமக்கில்லை. நாம் விற்றவர்கள், வாங்கியவர்கள் இல்லை.

செக் திரும்பிய நிலையில் இருப்பவர்கள் இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் போட்டாக வேண்டும். பணம் இல்லை என்று வங்கி தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு அவருக்கு 15 நாள் அவகாசம் உண்டு. அதிலும் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்குப் போட வேண்டும். "அடுத்த வாரம் தந்துடறேன்" என்று அவர்கள் இழுப்பதே இந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான். எங்கள் ஊரிலேயே அதை நம்பி இருந்து, வழக்குப் போட முடியாமல் போனவர்கள் உண்டு. இன்னொன்று, வழக்குக்காக வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2015-இல் செய்த திருத்தத்தின்படி, நீங்கள் கணக்கு வைத்திருக்கிற வங்கிக் கிளை உள்ள ஊரின் நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். என் வழக்கு அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

இதைச் சொன்னால், "பேசாமல் அரசுக்கே போட்டிருக்கலாமே" என்று கேட்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. நெல் என்னுடையது. யாருக்கு, எந்த விலைக்கு விற்பது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். சன்ன ரகத்துக்கு வெளியில் கூடுதல் விலை கிடைக்கிற வருஷத்தில் அதை விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கொள்முதல் நிலையம் மட்டும்தான் வழி என்றால், சிப்பத்துக்கு (மூட்டைக்கு) இவ்வளவு லஞ்சம் கொடு என்று கேட்கிறவர்களிடம் நாம் மாட்டிக்கொள்வோம். வியாபாரி மட்டும்தான் வழி என்றால், கொள்முதல் நிலையம் திறக்கத் தாமதமாகும் வாரங்களில் அவர் வைத்ததே விலை. இரண்டு கதவும் திறந்திருந்தால்தான் விவசாயிக்குப் பேச்சு உண்டு.

ஆனால் விற்கும் சுதந்திரம் வேண்டும் என்று பேசுகிற பலர், பணம் வராவிட்டால் யார் பொறுப்பு என்பதைப் பேசுவதே இல்லை. 2020-இல் கொண்டுவந்து 2021-இல் திரும்பப் பெற்ற வேளாண் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு வெளியே நெல் வாங்க பான் கார்டு இருந்தால் போதும் என்றது. அன்றைக்கே, அல்லது மூன்று வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். தராவிட்டால்? கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும், சிவில் கோர்ட்டுக்குப் போக வழி இல்லை. ஓடிப்போனவரின் பான் கார்டு நகலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கனடாவில் மேற்கு மாகாணங்களின் கோதுமையை அரசு வாரியம் வழியாகத்தான் விற்க வேண்டும் என்று பல பத்தாண்டு இருந்த கட்டாயத்தை 2012 ஆகஸ்ட் 1 முதல் நீக்கினார்கள். யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் அங்கே தானியம் வாங்குகிற நிறுவனம் தானிய ஆணையத்தில் உரிமம் எடுத்து, விவசாயிக்குத் தர வேண்டிய பாக்கிக்கு ஈடாகப் பிணையும் கட்டி வைக்க வேண்டும். நிறுவனம் கைவிட்டால் அந்தப் பிணையிலிருந்து விவசாயிக்குக் கொடுப்பார்கள். இந்த ஏற்பாடு இங்கே இருந்திருந்தால் நான் கோர்ட் படி ஏற வேண்டியிருக்காது.

அது வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். அவர்கள் தராசை ஏற்காதீர்கள். லாரியைக் காலியாக ஒரு தடவை, நெல்லோடு ஒரு தடவை நம் ஊர்ப் பக்கத்து எடை மேடையில் ஏற்றி இரண்டு சீட்டையும் வாங்குங்கள். வர மறுத்தால் விற்க வேண்டாம். மீதிப் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள், வங்கியிலிருந்து உங்கள் போனுக்குச் செய்தி வந்த பிறகு லாரி கிளம்பட்டும். வியாபாரி காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அவசரம் இல்லாதவர்கள் அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு போகலாம். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடுகிற மறைமுக ஏலத்தில் விலை பிடிக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கேயே கிட்டங்கியில் வைத்து, அந்த நெல்லையே ஈடாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்கினால், அறுவடைக் கூலிக்கும் மெஷின் வாடகைக்கும் கைக்குக் காசு வந்துவிடும், நெல்லை விலை ஏறும்போது விற்கலாம்.

2025-26 சீசனில் அரசு விலை குவிண்டாலுக்குச் சன்ன ரகத்துக்கு 2,545, பொது ரகத்துக்கு 2,500 ரூபாயாக இருந்தது. அரசு விலைக்கு மேல் எவ்வளவு சொன்னாலும், சொல்கிறவர் அன்றைக்கே தருகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

இதே மாதிரி செக் வாங்கி ஏமாந்தவர்கள் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருந்தால் செக் நகல், வங்கிச் சீட்டு, லாரி எண் ஆகியவற்றோடு சொல்லுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒன்றாக மனு கொடுக்கப் போகிறோம். வெளியூர் வியாபாரி களத்தில் நெல் வாங்கும் முன், விற்பனைக்கூடங்களை நடத்துகிற விற்பனைக் குழுவில் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்பதுதான் மனு.