பழைய ஸ்பிரிங்குக்குக் கறுப்பு பெயிண்ட்: மதுரையில் கார் சாமான் வாங்குவோர் கவனத்துக்கு

என் பழைய டீசல் ஸ்விஃப்டில் முன்பக்க இடது காயில் ஸ்பிரிங் (வண்டியின் பாரம் தாங்கும் சுருள் கம்பி) அடிச்சுற்றில் உடைந்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டங்கென்று சத்தம். உடைந்த முனை டயரைக் கிழித்துவிடும் என்பதால் தள்ளிப்போட முடியாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும், அதனால் ஜோடியாக வாங்க மதுரை வெளி வீதிப் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

ஜோடி 3,600 ரூபாய். வெறும் அட்டைப்பெட்டி, பார்ட் நம்பர் இல்லை, ஹோலோகிராம் இல்லை. கேட்டதற்கு, "கம்பெனி சரக்குதேன் அண்ணே, பெட்டி நனைஞ்சு போச்சு, மாத்திட்டோம்" என்றார்கள். பில் கேட்டால் துண்டுச் சீட்டு.

மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்தேன். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசரை இருபுறமும் சமமாக இறுக்கிய பிறகுதான் மேல் நட்டைத் தொட்டேன். (முதலிலேயே அந்த நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளைக் கொன்றுவிடும். பழக்கமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.)

உடையாத வலது பக்கப் பழைய ஸ்பிரிங்கை வெளியே எடுத்துப் புதுசின் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே உயரம். இத்தனை வருஷம் இன்ஜின் பாரம் தாங்கி அமுங்கியதும் புதுசும் எப்படிச் சமமாக நிற்கும்? புதுசின் கடைசிச் சுற்றைத் தடவிப் பார்த்தேன். ரப்பர் சீட்டில் உட்காரும் இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. தின்னர் தொட்ட துணியால் தேய்த்ததும் கறுப்பு அப்படியே துணிக்கு வந்தது. கம்பெனி கோட்டிங் அவ்வளவு லேசில் வராது. அடியில் அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் இந்தக் குழிகளில்தான் தொடங்கும். போதாததற்கு, வாங்கிய ஜோடியில் ஒன்றின் கம்பி மற்றதைவிட மெலிசு. பெட்ரோல் வண்டியில் கழற்றியதோ என்னவோ. டீசல் இன்ஜின் எடை கூடுதல், அதற்கு ஸ்பிரிங்கே வேறு.

மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் மாட்டி அனுப்பியிருப்பார், எனக்குத் தெரிந்தே இருக்காது.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். "நீங்க தின்னர் போட்டுக் கெடுத்துட்டீங்க, இனி எடுக்க மாட்டோம்" என்று பழியை என் மேலேயே போட்டார்கள். எத்தனை பேர் இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பியிருப்பார்களோ.

வாங்கும்போதே பெட்டியில் பார்ட் நம்பர், எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வருஷம் இருக்கிறதா என்று பாருங்கள். பார்ட் நம்பர் உங்கள் மாடலுக்கும் இன்ஜினுக்கும் பொருந்த வேண்டும். ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் தராத கடையில் சஸ்பென்ஷன் சாமான் வாங்கவே வேண்டாம்.

அப்புறம் கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் வேறு ஜோடி வாங்கி மாட்டி, வீல் அலைன்மென்டும் பார்த்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு பணம் வருமா என்பது சந்தேகம்தான். சாட்சிக்காக இரண்டு ஸ்பிரிங்கும் வீட்டில் கிடக்கின்றன. வேலை முடிந்ததும் துண்டாக வெட்டித்தான் காயலான் கடையில் போடுவேன். முழுசாகப் போட்டால் மறுபடி பெயிண்ட் ஏறி விற்பனைக்கு வந்துவிடும்.