பொட்டலம், ஓஜி, சரஸ், பாங்: பேரை விட்டுப் பிசினைப் பார்த்தால்

வடசென்னையில் கஞ்சாவைத் தரம் பிரிப்பது பெரும்பாலும் பேரை வைத்துத்தான். சீலாவதி என்றால் ஆந்திர-ஒடிசா எல்லை மலை, இடுக்கி கோல்டு என்றால் கேரளம், மலானா கிரீம் என்றால் இமாச்சலம். பொட்டலத்தில் லேபிளா இருக்கிறது? விற்பவன் வாயில் வந்ததுதான் பேர். ஒப்பிட வேண்டியவை வேறு: போதை தரும் பிசின் எவ்வளவு, உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது, பிடிபட்டால் சட்டம் எப்படி எடை போடுகிறது.

பொட்டலத்துச் சரக்கு வெட்டவெளியில் வளர்ந்து, விதையும் காம்புமாக வருவது. பெண் பூவில் மகரந்தம் சேர்ந்துவிட்டால் செடியின் சக்தி விதைக்குப் போய்விடும், பிசின் குறையும். போதைப் பொருளான டிஎச்சி பொதுவாக 10 சதவீதத்துக்குள்தான். இதில் பெரிய ஆபத்து ஈரம். சரியாகக் காயாததை அழுத்தி, பிளாஸ்டிக் டேப் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். பிரித்தால் அமோனியா நெடியோ, பழைய கோணிச் சாக்கு வாடையோ அடிக்கும். நரைத்த பஞ்சு மாதிரி படர்ந்திருப்பது பூஞ்சை. கொளுத்தினால் செத்துவிடும் என்று நம்ப முடியாது. காசநோய் வந்து நுரையீரலில் தழும்போ குழியோ உள்ளவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை உள்ளே குடியேறிவிடும்.

ஓஜி என்று இங்கே அழைப்பது, விதையில்லாமல் விளக்கு வெளிச்சத்தில், மண்ணில்லாமல் சத்துநீரில் வளர்த்த ஹைட்ரோபோனிக் சரக்கை. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் இது சென்னை விமான நிலையத்தில் சிக்கிக்கொண்டே இருக்கிறது. டிஎச்சி 15 முதல் 25 சதவீதம். பொட்டலத்துக்குப் பழகியவர் அதே அளவை இதில் இழுத்தால் இரண்டு, மூன்று மடங்கு உள்ளே போகும். நெஞ்சுப் படபடப்பு, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம் எல்லாம் அங்கேதான் ஆரம்பம். இண்டிகா வகை தூங்கவைக்கும், சட்டிவா வகை சுறுசுறுப்பு தரும் என்ற கணக்கை நம்ப வேண்டாம். எலுமிச்சை வாசம் லிமோனீன் என்ற வாசனைப் பொருளால், மண்வாசம் கலந்த மாம்பழ நெடி மிர்சீன் என்ற இன்னொன்றால் வருகிறது. வாசனை வீரியத்தைச் சொல்லாது. புகையிலையோடு கலந்து பிடித்தால், விடமுடியாமல் இழுப்பதில் நிகோட்டினுக்கும் பங்கு உண்டு. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சரஸ், அதாவது ஹாஷ், பிரித்தெடுத்த பிசின். இமாச்சலத்தில் பச்சைச் செடியை உள்ளங்கையில் தேய்த்து எடுக்கிறார்கள். மொராக்கோவில் காய்ந்த செடியைச் சல்லடையில் தட்டிச் சலிக்கிறார்கள். கறுப்பாக இருந்தால் சுத்தம் என்பது தவறு. காற்றும் வெப்பமும் பட்டால் மேல்பக்கம் தானாகக் கறுக்கும். உள்ளே பழுப்போ பச்சையோ இருக்கலாம். நெருப்பு காட்டிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் வீண், மெழுகு கலந்திருந்தாலும் உருகிக் கொதிக்கும்.

சட்டத்தின் தராசில்தான் கஞ்சாவுக்கும் சரஸுக்கும் பெரிய வித்தியாசம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் படி கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. சரஸுக்கு அதே எல்லைகள் 100 கிராம், 1 கிலோ. சிறிய அளவென்றாலும் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு. கலப்படச் சரக்கில் கலந்ததையும் சேர்த்தே எடை போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. மெழுகுக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

பாங் என்பது கஞ்சாச் செடியின் இலை. மத்தியச் சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் பூ சேராத தனி இலை வராது. ஆனால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் அதுவும் போதைப்பொருள்தான். சௌகார்பேட்டையில் ஹோலிக்குக் குடிக்கும் சாதாரண தண்டாயில் பாதாம், சோம்பு, மிளகுதான். பாங் கலந்தது வேறு சமாச்சாரம். வீரியம் குறைவு, ஆனால் ஏமாற்றும். புகை சில நிமிடங்களில் ஏறி 2 முதல் 4 மணி நேரத்தில் இறங்கும். தின்றதோ குடித்ததோ ஏற அரை மணியிலிருந்து 2 மணி நேரம் ஆகும். கல்லீரல் டிஎச்சியை இன்னும் வலுவான பொருளாக மாற்றுவதால் 6, 8 மணி நேரம் நிற்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது டம்ளர் எடுப்பவர்தான் மாட்டுகிறார். கஞ்சா சாக்லேட் இதைவிட மோசம். ஒரு உருண்டையில் எவ்வளவு என்று செய்தவனுக்கே தெரியாது.

அளவு மிஞ்சியவரைத் தனியே விடக்கூடாது. மேற்கொண்டு எதுவும், முக்கியமாகச் சாராயம், கொடுக்கக்கூடாது. வண்டி சாவியை வாங்கிவைக்க வேண்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். நெஞ்சுவலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், அல்லது குழந்தை தின்றுவிட்டது என்றால் உடனே 108. பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. என்ன தின்றார், எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.